உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும் படித்தால் வேலை இருக்கிறதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: ப்ளஸ் டூவில் தாவரவியல், விலங்கியல் எடுத்தீர்கள், கணிதம் இல்லை, நீட் மதிப்பெண்ணுக்கு மருத்துவ இடம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும் கிடைத்திருக்கிறது, வீட்டில் "சமையல் படிப்புக்கா மூணு வருஷம் ஃபீஸ் கட்டுறது" என்கிறார்கள், இதற்கு வேலை உண்டா? ஆனால் கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "டயட்டீஷியன் ஆகலாம், இல்லையென்றால் ஃபுட் கம்பெனிக்குப் போகலாம், இரண்டும் ஒன்றுதானே." எனக்கு அதுதான் நீங்கள் உண்மையில் கேட்கும் கேள்வியாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒரே பட்டத்துக்குள் இரண்டு தொழில் இருக்கிறது, மூன்றாவதாக அரசுத் திட்டங்களும் ஆய்வகமும் என்று ஒரு வழியும் இருக்கிறது. எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே மூன்று வருடத்தை முடிக்கிறவர்களுக்குத்தான் வேலை கிடைப்பது கஷ்டமாகிறது.

நான் உணவு அறிவியலில் முதுகலை முடித்துவிட்டுப் பல வருடங்களாகப் பால் பதப்படுத்தும் ஆலையிலும் மசாலாத் தொழிற்சாலையிலும் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலைதான். அதனால் தொழிற்சாலை பற்றிச் சொல்வதை நேரில் பார்த்ததாக எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைப் பக்கம் எனக்குத் தெரிந்தது கூடப் படித்தவர்கள் வழியாகத்தான். அந்தப் பகுதியை வார்டில் வேலை பார்க்கும் ஒரு டயட்டீஷியனிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் "சமையல் படிப்பு". வீட்டில் இதைச் சொல்லுங்கள்: இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தொடங்கியது நம்முடைய குன்னூரில். 1918-இல் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றி ஆரம்பித்த சிறிய ஆய்வுதான் அதற்கு வேர், 1958-இல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. பெரிபெரி ஏன் வருகிறது? அரிசியை வெள்ளையாகத் தீட்டும்போது தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடுகிறது, அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு நரம்பும் இதயமும் பாதிக்கப்படுகின்றன. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்து அரைத்தால் அந்த வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும், புழுங்கல் அரிசி சாப்பிட்ட மக்களிடம் இந்த நோய் குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இதைக் கண்டுபிடிக்க வேதியியலும் உடலியங்கியலும் நோயாளிகளைக் கவனிக்கும் கண்ணும் தேவைப்பட்டன. நீங்கள் படிக்கப்போவது அந்த வரிசையில் வருகிற படிப்பு. சமையல் அதில் ஒரு தாள், அதுவும் எந்தச் சூட்டில் எந்தச் சத்து அழிகிறது என்று அளப்பதற்காக.

சரி, மருத்துவமனை. டயட்டீஷியன் வேலை என்றால் உடல் எடை குறைக்க அட்டவணை எழுதிக் கொடுப்பது என்றுதான் வெளியில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய மருத்துவமனையில் கனமான வேலை சிறுநீரக நோயாளிகள், தீவிர சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய உணவு இவைதான். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். உடம்புக்கு நல்லது என்று வீட்டார் அன்பாகக் கொடுக்கும் இளநீரும் வாழைப்பழமும் அவருடைய இதயத்துடிப்பையே தாறுமாறாக்கிவிடலாம். பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்தான் டயட்டீஷியன். என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று வாங்கும் மருத்துவமனைகள் உள்நோயாளிகளின் ஊட்டச்சத்து நிலையை மதிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், முன்பு டயட்டீஷியனே இல்லாத இடங்களிலும் இப்போது ஆள் எடுக்கிறார்கள்.

இந்த வழியில் பி.எஸ்சி.யோடு நிற்க முடியாது, அதை இப்போதே தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதுகலைப் பட்டமோ முதுநிலைப் பட்டயமோ வேண்டும், அதற்குமேல் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் வேண்டும், அப்புறம் இந்திய உணவுமுறையாளர் சங்கம் நடத்தும் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வு. ஆக ஐந்தாறு வருடத் திட்டம். இன்னொரு விஷயமும் உண்டு. 2021-இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியனையும் ஊட்டச்சத்து நிபுணரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதாவது பதிவு செய்தவர்கள்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம் என்ற திசையில் போகிறோம். சட்டம் இருப்பது உறுதி. ஆனால் மாநிலக் கவுன்சில்கள் அமைவதும் பதிவு நடைமுறைக்கு வருவதும் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. அதனால் கல்லூரியில் சேரும்போதே "உங்கள் பாடத்திட்டம் இந்த ஆணையத்தின் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகிறதா" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், மருத்துவமனைக் கனவோடு அந்தக் கல்லூரியில் சேர வேண்டாம்.

இனி தொழிற்சாலை. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலை எப்படி இருக்கும் என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை, சேர்ந்த இரண்டாம் மாதம் பயந்துபோய் விட்டுவிட்டுப் போகிறார்கள். கியூ.சி. (தரக் கட்டுப்பாடு) டிரெய்னியாகப் பால் ஆலையில் சேர்ந்தால் விடிகாலை ஷிப்டில் டேங்கர் வரும். கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள், அமிலத்தன்மை பார்க்க வேண்டும், யூரியாவோ சோடாவோ சர்க்கரையோ கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இவ்வளவையும் டிரைவர் நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கியபின் பாஸ்படேஸ் சோதனை செய்வோம். பச்சைப் பாலில் இயல்பாக இருக்கும் அந்த நொதி, நோய்க்கிருமிகள் சாகும் சூட்டைவிடச் சற்றே அதிகம் தாங்கக்கூடியது, அதனால் அது அழிந்திருந்தால் கிருமியும் அழிந்துவிட்டது என்று நம்பலாம். அது மிச்சம் இருப்பதாகச் சோதனை காட்டினால் அந்த பாட்ச் வெளியே போகக் கூடாது. போகக் கூடாது என்று சொல்ல வேண்டியது அங்கே நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி. உற்பத்தி மேலாளர் அவசரப்படுத்துவார், லாரி வாசலில் நிற்கும். அந்த இடத்தில் கையெழுத்துப் போட மறுக்கிற தைரியம்தான் இந்தத் தொழில். அந்தப் பாலைக் குடிக்கப்போகும் குழந்தையை நாம் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் அதற்காகத்தான் நமக்குச் சம்பளம்.

மசாலாத் தொழிற்சாலையில் வேறு கவலை. மிளகாய் வற்றல் சரியாகக் காயாமல் மூட்டை கட்டப்பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் உண்டாகும், அது கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நச்சு, அரைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. மசாலாப் பொருளில் மொத்த அஃப்லடாக்சின் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரை நம் நாட்டு விதி அனுமதிக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மிளகாய் அனுப்ப வேண்டுமானால் 10 தான். அதனால் ஒரே மூட்டை மிளகாய் இங்கே பாஸ், அங்கே ரிஜெக்ட். எந்த லாட் எங்கே போகலாம் என்று முடிவு செய்ய மாதிரி எடுக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் பூஞ்சை மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இதோடு மெட்டல் டிடெக்டரில் இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று சோதனைத் துண்டுகளை அடிக்கடி விட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு பாட்சிலும் மாதிரி எடுத்து வைக்க வேண்டும், கைகளிலும் மேசைகளிலும் ஸ்வாப் எடுத்துக் கிருமி எண்ண வேண்டும். வேலையில் பாதி எழுத்து வேலைதான், பதிவேடு சரியில்லை என்றால் தணிக்கையில் நீங்கள் செய்த நல்ல வேலை எதுவும் கணக்கில் வராது. உணவில் வரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே கண்டு தடுக்கும் ஹாசப் முறையும், ஐ.எஸ்.ஓ. 22000 என்ற உணவுப் பாதுகாப்புத் தரமும் கேட்பது அந்தப் பதிவேடுகளைத்தான்.

தொழிற்சாலைக்குள்ளேயே ஊட்டச்சத்து படித்தவர்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு மேசை வேலை உண்டு, அது லேபிளும் விதிமுறைகளும். பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் சத்து விவரம், ஒரு பரிமாறும் அளவில் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, இவற்றை யாரோ உட்கார்ந்து செய்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி 2,000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் என்று வைத்து அந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள். வேதியியல் பட்டதாரிகள் இதில் திணறுவதையும், ஊட்டச்சத்து படித்துவிட்டு வந்தவர்கள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் இல்லாத வேலை, வளர்ச்சியும் உண்டு, ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) விதிகளை வரிவரியாகப் படிக்கும் பொறுமை வேண்டும்.

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது இன்னொரு பக்கம். வீட்டில் தொக்கும் பொடியும் செய்து விற்கிறவர்கள் எல்லோரும் கேட்பது "எத்தனை மாசம் கெடாம இருக்கும்?" அதற்குப் பதில் இரண்டு எண்களில் தொடங்குகிறது: பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருக்கிறதா, நீர்ச் செயல்பாடு, அதாவது கிருமிகள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நீரின் அளவு, 0.85-க்குக் கீழே இருக்கிறதா. இரண்டுமே இல்லாத ஒன்றைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால் உயிரைப் பறிக்கும் நச்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமி வளர வழியுண்டு, மணத்தையும் சுவையையும் வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பக் கூடாது. புளியும் உப்பும் எண்ணெயும் நிறையப் போட்ட பழைய கைப்பக்குவம் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, "லோ சால்ட், நோ பிரசர்வேட்டிவ்" என்று மாற்றும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு உதவ ஊருக்கு ஒருவர் தேவை, அதில் நியாயமான வருமானமும் இருக்கிறது. ஆனால் ஆலையில் சில வருடம் கைபழகாமல் முதல் நாளே ஆலோசகராகிவிட முடியாது.

மூன்றாவது வழியில் அரசு வேலையும் ஆய்வகமும் வருகின்றன. தமிழ்நாட்டில் 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு, அங்கன்வாடிகள் என்று இவ்வளவு பெரிய ஏற்பாடு இருப்பதால் ஊட்டச்சத்து படித்தவர்களுக்கு இங்கே இடம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வு நடத்தியிருக்கிறது, ஊட்டச்சத்து, மனையியல் பட்டதாரிகள் அதை எழுதலாம். காலியிடங்கள் எப்போது வரும் என்பதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள், வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவியைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதற்கான தகுதியாக எழுதப்பட்டவை: உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டங்கள், வேதியியலில் முதுகலை, மருத்துவப் பட்டம். ஊட்டச்சத்து அந்த வரிசையில் நேரடியாக இல்லை, சமமான பட்டம் என்று ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதே விதிகளில் உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதற்கு உணவும் ஊட்டச்சத்தும் படித்த முதுகலையை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள், கூடவே மூன்று வருட ஆய்வக அனுபவம் வேண்டும், தேர்வும் உண்டு. பெயர் சற்று மாறினாலே ஒரு கதவு திறந்து இன்னொன்று மூடும், அதனால் சேர்வதற்கு முன் பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் யு.ஜி.சி. நெட் தேர்வில் மனையியல் பாடத்துக்குள் இது வரும். உணவுத் தொழில்நுட்பத்துக்கு கேட் தேர்வும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

பணம். இது என்னைச் சுற்றிப் பார்ப்பதை வைத்துச் சொல்வது, ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடித்து நேராக வருகிறவர்களுக்கு ஆலையிலும் மருத்துவமனையிலும் மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய்தான் பெரும்பாலும் தொடக்கம், சிறிய மருத்துவமனைகளில் அதைவிடக் குறைவாகவும் கேள்விப்படுகிறேன். பொறியியல் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் முதல் மூன்று வருடம் மனசு சோர்ந்துபோகும். தொழிற்சாலையில் அதன்பிறகு ஏற்றம் தெரிகிறது, தணிக்கையைத் தனியாக நடத்தக்கூடியவர்களுக்கும் ஏற்றுமதி விதிகள் தெரிந்தவர்களுக்கும் ஆள் தட்டுப்பாடு உண்மையிலேயே இருக்கிறது. கல்லூரிகள் விளம்பரத்தில் போடும் சம்பளத்தை நம்பாதீர்கள். போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேருடைய எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள்.

பதினைந்து நாள் ஆன்லைன் சான்றிதழ் வாங்கிவிட்டு "நியூட்ரிஷன் கோச்" ஆவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். வருமானம் வராது என்பதால் இல்லை, சிலருக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் கேட்க வருகிறவருக்கு சர்க்கரை நோய் மாத்திரையோ சிறுநீரகப் பிரச்சினையோ இருக்கலாம், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே அந்தப் பதினைந்து நாளில் தெரியவராது. முறையாகப் படித்து முடித்துவிட்டு, வார்டில் இருந்துவிட்டு, அப்புறம் ஆன்லைனில் வாருங்கள், தமிழில் சரியாகச் சொல்கிறவர்கள் நிறையவே தேவைப்படுகிறார்கள்.

வெளிநாட்டைப் பற்றி ஒரு வரிதான் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உள்ளது, ஹெச்.சி.பி.சி. என்ற அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு இல்லாமல் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. அமெரிக்காவில் 2024 முதல் டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலை வேண்டும். இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்து நேராகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். தரக் கட்டுப்பாடு, உணவுப் பாதுகாப்பு வேலைகளுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, அங்கே அனுபவத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இப்போது கல்லூரியைப் பார்ப்போம். பாடத்திட்டத்தை இறக்கி, நுண்ணுயிரியலும் உணவு வேதியியலும் தனித்தனித் தாளாக, ஆய்வக வகுப்போடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் மனையியல் தாள்கள் மட்டும் நிறைந்திருந்தால் தொழிற்சாலை பக்கம் உங்களுக்குக் கடினம். உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்கால உணவுமுறை பலமாக இருந்தால் மருத்துவமனைப் பக்கம் நல்லது. ஆய்வகத்துக்குள் போய் எட்டிப் பாருங்கள், இன்குபேட்டரும் ஆட்டோகிளேவும் ஓடிக்கொண்டிருக்கின்றனவா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடும். நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது எளிய கேள்விகள்தான்: தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்களை எண்ணி ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடு, இட்லி மாவு ஏன் பொங்குகிறது, எந்தக் கிருமி. உளுந்தோடு வரும் லூக்கோனோஸ்டாக் என்று சொல்லி, வாயுவையும் அமிலத்தையும் விளக்குகிற பிள்ளையை நான் உடனே எடுத்துக்கொள்வேன். சொல்ல முடியாதவர்களில் பலர் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான், அவர்கள் கையால் ஒரு தட்டுகூட ஊற்றியதில்லை. முதல் வருட விடுமுறையில் ஒரு மாதம் ஆலையில், இரண்டாம் வருட விடுமுறையில் ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்து பாருங்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாம் வருடம் முடியும்போது எந்தப் பக்கம் என்று முடிவெடுத்துவிடுங்கள், ஏனென்றால் எந்த எம்.எஸ்சி. எடுப்பது என்பது அதைப் பொறுத்தது. மருத்துவமனை என்றால் டயட்டெடிக்ஸ் உள்ள எம்.எஸ்சி., பொது ஊட்டச்சத்து ஆய்வு என்றால் ஹைதராபாத் நிறுவனத்தின் பயன்பாட்டு ஊட்டச்சத்து எம்.எஸ்சி., தொழிற்சாலை என்றால் உணவுத் தொழில்நுட்பம். கோவை அவினாசிலிங்கம் பெண்களுக்கான நிறுவனம், 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது, இந்தத் துறையில் தமிழ்நாட்டில் பழைய பெயர் அதற்கு உண்டு.

கடைசியாகக் கணிதம். அது இல்லாததால் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக பி.டெக். உணவுத் தொழில்நுட்பமோ, ஜேஇஇ மெயின் மதிப்பெண் கேட்கும் தஞ்சாவூர் நிஃப்டெம் (தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) பி.டெக்கோ உங்களுக்குக் கிடைக்காது, அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பி.எஸ்சி. முடித்து முதுகலையில் உணவுத் தொழில்நுட்பத்துக்கு மாறும் வழி இருக்கிறது, ஆனால் சில இடங்கள் ப்ளஸ் டூ கணிதத்தைக் கேட்கலாம், மைசூர் சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) உட்பட நீங்கள் குறிவைக்கும் ஒவ்வொன்றின் தகுதி விதியையும் இந்த வருடமே படித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் கல்லூரியின் தாள் பட்டியலை அப்படியே இங்கே போடுங்கள், ஆறு செமஸ்டரும் வேண்டும். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, ஃபீஸ் கட்டும் தேதிக்குள் சொல்கிறேன்.